மார்கழி ரைடா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் சாவியைத் திருகுங்க!

டிசம்பர் பிறந்தால் போதும், எல்லா பைக் கிளப் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பேச்சுதான். "ஊட்டியில உறைபனியாம், போலாமா?" என்பார் ஒருவர். "சும்மா போக வேணாம், அப்படியே ஒரு ஹோமுக்கு ஏதாவது செஞ்சிட்டு வருவோம்" என்பார் இன்னொருவர். உடனே கட்டைவிரல் குறியாக வந்து விழும். போஸ்டர் ரெடி. டி-ஷர்ட் என்ன கலர் என்று சண்டையும் ரெடி. அந்த ஹோமில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தேவை, நாம் எத்தனை மணிக்கு மலை ஏறப்போகிறோம் என்று கேட்டால் மட்டும் குழுவே கப்சிப்.

கிளப்பில் மருந்துப் பெட்டி, சாப்பாட்டு ஏற்பாடு, கணக்கு நோட்டு மூன்றும் வருஷக்கணக்காக என்னிடம்தான் இருக்கிறது. யார் எந்தத் தப்பைச் செய்வீங்க என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்களுக்கு நேரமில்லை, தெரியும். அதனால் வளவளவென்று பேசாமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். குளிர்கால ரைடையும் சாரிட்டி ரைடையும் ஒன்றாகச் சேர்த்தால் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கூட வருகிறவருக்கோ, ரோட்டில் போகிறவருக்கோ, உதவி வாங்குகிறவருக்கோ நீங்க ஒரு பாரமாகிவிடக் கூடாது. கீழே இருக்கிற எல்லாமே அதற்காகத்தான்.

தேதி, வழி, தங்கல்

1. முதலில் தேதி, அப்புறம் போஸ்டர். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும், பொங்கல் விடுமுறையிலும் மலை பக்கமே போகாதீங்க. ரோடு முழுக்கக் கார், ரூம் வாடகை ரெண்டு மடங்கு. அதே நாட்களில்தான் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தர்ம சிந்தனை வரும் என்பதால் இல்லங்களிலும் வரிசை கட்டி நிற்பார்கள். டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழையை நம்ப முடியாது. என்னைக் கேட்டால், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வருகிற ஒரு சனி, ஞாயிறு. வானம் தெளிந்திருக்கும், நீங்க ஆசைப்பட்ட குளிரும் குறையாமல் இருக்கும்.

2. சென்னையிலிருந்து ஊட்டி 500 கிலோமீட்டருக்கு மேல். "ஒரே மூச்சுல அடிச்சிடலாம்க்கா" என்று ஒரு தம்பி கட்டாயம் சொல்வான். அவனை ரூட் போடும் வேலையிலிருந்து எடுத்துவிடுங்க. முதல் நாள் சேலத்திலோ அவிநாசியிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டு, மறுநாள் வெயில் வந்த பிறகு மலை ஏறுங்க. களைத்த உடம்போடு, இருட்டில், மூடுபனியில் கொண்டை ஊசி வளைவு என்பது மூன்று தப்பை ஒரே நேரத்தில் செய்வது.

3. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. மழை பெய்த வாரமாக இருந்தால் குன்னூர் ரோட்டில் பர்லியாரை ஒட்டி மண் சரிந்து கிடக்கலாம். காலையில் தங்குமிடத்தில் விசாரித்துவிட்டு வழியை முடிவு செய்யுங்க. மேப் செயலி சொல்வதைவிட டீக்கடைக்காரர் சொல்வது புதுச் செய்தி.

4. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின வாரமே நடப்பு விதி என்ன என்று பார்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுத்து வைங்க. செக்போஸ்ட்டில் நின்று போனில் சிக்னல் தேடாதீங்க. மசினகுடி பக்கம் கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி, வீடியோவில் பார்க்க ஜோர். செங்குத்தான அந்த ரோட்டில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, வம்பு வேண்டாம். பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகிற திட்டம் இருந்தால் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை காட்டு ரோடு அடைப்பு. இது தெரியாமல் போய் கேட்டுக்கு முன்னால் குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

உடம்புக்கு

5. தெர்மாமீட்டர் சொல்கிற குளிர் வேறு, வண்டியில் படுகிற குளிர் வேறு. ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரி என்று வைத்துக்குங்க. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே காற்று அடித்து உங்க தோலுக்கு அது பூஜ்ஜியம் டிகிரி மாதிரி. 60-ல் போனால் அதற்கும் கீழே. ஆகவே கம்பளி ஸ்வெட்டர் எத்தனை போட்டாலும், காற்றைத் தடுக்கிற ஒரு உறை மேலே இல்லையென்றால் பிரயோஜனமில்லை. புதிதாக ரைடிங் ஜாக்கெட் வாங்கக் காசில்லையா? நல்ல ரெயின்கோட்டை ஜாக்கெட்டுக்கு மேலே போடுங்க. அதுவும் முடியாதா, பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு எடுத்து நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் வைங்க. பைக் ஓட்டிகளின் பழைய வித்தை இது. சிரிப்பீங்க, சிரிங்க, குளிராது.

6. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் வேர்த்து நனைந்த பனியன், மேலே போனதும் ஐஸ் ஒத்தடம் ஆகிவிடும். சீக்கிரம் காய்கிற தெர்மல் போடுங்க, இல்லையென்றால் மலை ஏறும் முன் பனியனையாவது மாற்றுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

7. முதலில் செத்துப்போவது விரல்தான். க்ளட்சும் பிரேக்கும் அந்த விரலில்தான் இருக்கிறது. கையுறைக்குள்ளே மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்று, சாக்ஸுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். அழகாக இருக்காது, யாரும் உங்க காலைப் பார்க்கப் போவதில்லை. ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற விரல் வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி, உடம்பைச் சூடாக்கிய பிறகுதான் அடுத்த கிலோமீட்டர். "இன்னும் பத்து கிலோமீட்டர்தான்க்கா" என்ற பேச்சே வேண்டாம்.

8. "குளிருக்கு ஒரு கட்டிங்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி. குடித்தால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடி, சூடாகிற மாதிரி தோன்றும். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. ராத்திரி அடித்தது காலை வரைக்கும் உடம்பில் நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சுக்கு காப்பி குடிங்க.

9. தண்ணீர் குடிங்க. குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு காய்ந்துகொண்டே இருக்கும். தங்கச்சிகள் கழிவறைக்குப் பயந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவது எனக்குத் தெரியும். அது உங்க குற்றமில்லை, ரூட் போட்டவர்களின் குற்றம். ரூட் போடுகிற தம்பி, பெட்ரோல் பங்கைத் தேர்வு செய்யும்போது அங்கே பெண்களுக்குச் சுத்தமான கழிவறை இருக்கிறதா என்று முதலில் பார்.

10. ஹெல்மெட்டுக்குள்ளே மங்கி கேப் திணிக்காதீங்க. தடிமனான கேப்பால் ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் கழன்று போகும். மெல்லிய பாலக்லாவா போதும். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்கும் அதே. வைசரில் மூச்சுப் பனி படிந்தால் ஒரு துளி பாத்திர சோப்பை உள்பக்கம் தடவி, காய்ந்ததும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்க. அதற்கும் மேல் என்றால் ஒரு நூலளவு திறந்து வைங்க.

11. பின்னால் துப்பட்டாவோடு, சேலையோடு யாராவது வந்தால் முடிச்சுப் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகச் சொல்லுங்க. ஸ்டைலுக்காக சேலை கார்டைக் கழற்றிய வண்டி என்றால் அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீங்க. அது சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய பாகம்.

வண்டிக்கு

12. சர்வீஸை முந்தின நாள் விடாதீங்க. ஒரு வாரம் முன்னாடி விட்டால்தான் மெக்கானிக் சரியாக முடுக்காத நட்டு எது என்று ஊருக்குள்ளேயே தெரிந்துவிடும். டயர், பிரேக் பேட், செயின், ஹெட்லைட், பின்விளக்கு. காற்றை டயர் சூடாகும் முன் பாருங்க. ஸ்போக் வீல் என்றால் ஒரு ஸ்பேர் ட்யூப், எல்லோருக்கும் பொதுவாக ஒரு க்ளட்ச் கேபிள், பஞ்சர் கிட். பழைய புல்லட் காலையில் அடம் பிடித்தால் செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருந்து பேட்டரியைக் கொல்லாமல், சோக்கைப் போட்டு உதைங்க. இது போதும், வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு யூடியூப் அண்ணன்கள் இருக்கிறார்கள்.

மார்கழி, தை ரோடு

இதைத்தான் எந்த வீடியோவும் சொல்லாது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

13. மார்கழி விடியலில் ஊருக்குள் போகும்போது வேகத்தைப் பாதியாக்குங்க. வாசலில், ரோட்டோரத்தில், சில ஊர்களில் ரோட்டிலேயே குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு நீங்க வருவது தெரியாது. பக்கத்தில் ஒரு குழந்தை கலர் டப்பாவைப் பிடித்தபடி நிற்கும். ஹாரன் அடித்து அவர்களைத் திடுக்கிட வைக்காமல், மெதுவாக விலகிப் போங்க. கோலத்தின் மேலே ஏற்றாதீங்க, அது ஒருவரின் ஒரு மணி நேர உழைப்பு.

14. தை பிறந்தால் அறுவடை. நெல், சோளம், கேழ்வரகு, உளுந்து எல்லாம் கிராமத்து ரோட்டில்தான் காயும். அதன் மேலே பிரேக் பிடித்தால் சோளமும் உளுந்தும் உருண்டு வண்டியை வாரிவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நேராக, பிரேக் தொடாமல் கடந்து போங்க. பரப்பிய தானியத்தின் ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், ராத்திரியில் தானியத்தை அள்ளிய பிறகும் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். அதனால்தான் கிராமத்து ரோட்டில் இருட்டில் ஓட்ட வேண்டாம் என்கிறேன்.

15. கரும்பு டிராக்டர். பின்னால் விளக்கு இருக்காது, கரும்பு நாலு அடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் எதிரே வரும் லாரி விளக்கில் கண் கூசுகிற அந்த ஒரு நொடியில்தான் இது முன்னால் முளைக்கும். கண் கூசினால் வேகத்தைக் குறை, யோசிக்காதே.

16. நடந்து போகிறவர்கள். தைப்பூசத்தை ஒட்டி பழனிக்குப் போகிற எல்லா ரோட்டிலும், முக்கியமாக திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம், பாதயாத்திரைக் கூட்டம் விடியும் முன்பே நடக்க ஆரம்பித்துவிடும். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், ஒட்டாதவர்களும் இருப்பார்கள். நீங்க கொடைக்கானல் போகிற கூட்டமாக இருந்தால் தைப்பூச வாரத்தைத் தவிர்த்துவிடுங்க. முடியாதென்றால் அந்த ரோட்டைப் பகலில் மட்டும் தொடுங்க.

17. மாடுகள். பகல் முழுக்கச் சூடு குடித்த தார் ரோடு ராத்திரியில் வெதுவெதுப்பாக இருக்கும், மாடு அதில்தான் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு. மேலே எதுவும் சொல்ல வேண்டாம்.

18. மூடுபனியில் ஹை பீம் போடாதீங்க. வெளிச்சம் பனியில் பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம், குறைந்த வேகம், ரோட்டின் இடது வெள்ளைக்கோடு வழிகாட்டி. அதுவும் தெரியவில்லையா, ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருங்க. ரோட்டோரத்தில் பின்விளக்கை எரியவிட்டு நிற்பது ஆபத்து: பின்னால் வருகிற லாரி டிரைவர் நீங்க ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து உங்க பின்னாலேயே வருவார்.

கூட்டமாகப் போவது

19. முப்பது வண்டி ஒரே வரிசையில் போவது போட்டோவில்தான் அழகு. மற்ற வண்டிகளுக்கு அது ஒரு ரயில், முந்தவும் முடியாது, நடுவில் புகவும் முடியாது. ஐந்தாறு வண்டிகளாகப் பிரிங்க, ஒவ்வொரு குழுவுக்கும் நடுவே பத்து நிமிஷ இடைவெளி விடுங்க. முன்னால் ஒரு லீடர், கடைசியில் ஒரு ஸ்வீப். ஸ்வீப்புக்கு அனுபவசாலியைப் போடுங்க, சும்மா கடைசியாக வந்தவனை அல்ல. டூல் கிட்டும் மருந்துப் பெட்டியும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

20. நேர் ரோட்டில் ஒருவர் லேனின் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாற்றி மாற்றி, முன்னால் போகிறவர் கடந்த இடத்தை நீங்க கடக்க ரெண்டு நொடி ஆகிற இடைவெளியில் போங்க. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. புதிதாக வந்தவரை லீடருக்கு அடுத்ததாக வைங்க. கடைசியில் விட்டால் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்திலேயே தாறுமாறாக ஓட்டுவார். தொலைந்தால் எங்கே காத்திருப்பது என்று கிளம்பும் முன்பே பேசிவிட்டால் அந்தப் பதற்றமும் இருக்காது.

21. நூறு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். டீக்கடை முன்னால் பஸ் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்தாதீங்க. சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓர வழியில் மெதுவாகப் போங்க, மணலும் எண்ணெயும் அங்கேதான் கிடக்கும்.

மலையில்

22. ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது இறங்குகிறவரின் கடமை, இது விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீங்களோ அந்த கியரில் இறங்குங்க. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டீங்கன்னா பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது. தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல் வெள்ளையாக இருந்தால் நிழல் விழுந்த ரோடும் வழுக்கும் என்று வைத்துக்குங்க. உறைபனி பார்க்க ஆசையா, முதல் நாள் ராத்திரி ஊட்டியிலேயே தங்கிவிட்டு நடந்து போய்ப் பாருங்க. ஜெர்மனிக்காரர்கள் 1956-லிருந்து நடுக்குளிர்காலத்தில் பைக்கிலேயே போய் எலிஃபன்டென்ட்ரெஃபன் என்று பனியில் கூடாரம் அடித்துக் கூடுகிறார்கள், நாம் மட்டும் என்ன என்று கேட்காதீங்க. அவர்கள் அதற்கென்று தனி டயரும் பக்கவண்டியும் வைத்துக்கொண்டு போகிறார்கள், நீங்க போன வருஷத்து மொட்டை டயரில் போறீங்க.

23. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். காட்டு ரோட்டில் யானை நின்றால் நன்றாகப் பின்னாலேயே நிறுத்துங்க, ஹாரன் இல்லை, செல்ஃபி இல்லை. குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவரை அடுத்த ரைடில் சேர்க்காதீங்க.

இனி சாரிட்டி

இங்கேதான் நான் அதிகம் திட்டப் போகிறேன். மனசு நல்லதாக இருப்பவர்கள்தான் இந்தத் தப்புகளை அதிகம் செய்கிறார்கள்.

24. கேட்காமல் வாங்காதீங்க. எந்த இல்லத்துக்குப் போன் செய்தாலும் அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் கேக் இருக்காது. அரிசி, மளிகை, கேஸ், கரன்ட் பில், உள்ளாடை, சானிட்டரி நாப்கின், சரியான அளவில் செருப்பு, முதியோர் இல்லம் என்றால் பெரியவர்களுக்கான டயப்பர். போஸ்டரில் போட கவர்ச்சியாக இருக்காது, அதனாலேயே யாரும் கொடுப்பதில்லை. ஒரு மாத கேஸ் பில்லை நீங்க கட்டினால், அந்த மாதம் நிர்வாகி நிம்மதியாகத் தூங்குவார்.

25. கம்பளி கொடுப்பதென்றால் குளிர் ஆரம்பிக்கும் முன் கொடுங்க. குளிர் போகிற மாசி மாதத்தில் கம்பளி வழங்கும் விழா எதற்கு? ரைடு தை கடைசியில் என்றால் கம்பளியை கார்த்திகையிலேயே அனுப்பிவிட்டு, ரைடில் வேறு எதையாவது கொண்டு போங்க.

26. பொருளை பைக்கில் கட்டாதீங்க. மூட்டை பின்விளக்கை மறைக்கும், வளைவில் சாயும், மழையில் நனையும். ஒரு மினி டெம்போ பிடித்து முந்தின நாளே அனுப்பிவிடுங்க. அதே பொருள் மேட்டுப்பாளையத்திலோ ஊட்டியிலோ கிடைக்கும் என்றால் அங்கேயே வாங்குங்க, டெம்போ வாடகையும் மிச்சம்.

27. உங்க வீட்டு அலமாரியைக் காலி செய்ய சாரிட்டி ரைடைப் பயன்படுத்தாதீங்க. பட்டன் போன சட்டை, கறை படிந்த பெட்ஷீட், ஒற்றைக் கால் ஷூ. நீங்க உடுத்த மாட்டீங்க என்றால் அவர்களும் உடுத்த வேண்டாம். அதைப் பிரித்து, குப்பையில் போட ஒரு நாள் கூலி அவர்களுக்குத்தான் செலவாகும்.

28. பிள்ளைகளின் முகத்தை போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடாதீங்க. இது அக்காவின் விருப்பு வெறுப்பு இல்லை, சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளமோ படமோ ஊடகத்தில் வெளியாகக் கூடாது என்று 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, ரெண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. ஹோம் நிர்வாகி சரி என்று தலையாட்டினாலும் வேண்டாம், கொடுக்க வந்தவரிடம் அவர் எப்படி முடியாது என்பார்? வண்டிகளை எடுங்க, மூட்டைகளை எடுங்க, உங்க மூஞ்சியை எடுங்க.

29. பிள்ளைகளை ஆட, பாட, நன்றி சொல்லச் சொல்லாதீங்க. "அம்மா அப்பா எங்கே?" என்று கேட்காதீங்க. வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து அதையே கேட்டால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்? பேச விஷயம் இல்லையென்றால் கேரம் போர்டு இருக்கிறதா என்று பாருங்க. ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், கொடுங்க. வண்டியில் ஏற்றி ஒரு ரவுண்டு கூட்டிப்போவது மட்டும் கூடாது.

30. சைலன்சர் மாற்றிய வண்டி இல்லத்தின் தெருவுக்குள் வரக் கூடாது. மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாங்க. உள்ளே தூங்குகிற பாட்டி இருப்பார், சத்தத்துக்குப் பயப்படும் சிறப்புக் குழந்தை இருக்கும். கேட்டுக்கு முன்னால் நின்று வண்டியை உறுமவிடும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஐம்பது பேரும் உள்ளே போக வேண்டியதும் இல்லை, ஐந்து பேர் போனால் போதும். மற்றவர்கள் மூட்டையை இறக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீங்க. அவர்களுக்குப் படிப்பு, சமையல், தூக்கம் எல்லாம் உண்டு.

31. ரத்த தான ரைடு நல்ல விஷயம். ஆனால் வரிசையை மாற்றுங்க. ரத்தம் கொடுத்துவிட்டு வண்டி ஓட்டாதீங்க, தலை சுற்றும். ரைடு முடிந்த பிறகு ஊருக்குள்ளே முகாம், அங்கிருந்து ஆட்டோவில் வீடு. நீண்ட ரைடு முடித்த அதே நாளிலும் வேண்டாம், தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த ஞாயிறு கொடுங்க. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நாலு மாதம் இடைவெளி வேண்டும் என்பதால் போன முகாம் தேதியை நோட்டில் குறித்து வைங்க.

32. பணம். இதில்தான் நட்பு உடைகிறது. ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு எல்லோரும் அனுப்புவது வேண்டவே வேண்டாம். அவர் யோக்கியர் என்பதற்காகவே வேண்டாம், நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டால் அவருக்குத்தான் வலிக்கும். கொடுக்க நினைக்கிறவர்கள் நேரே அறக்கட்டளைக் கணக்குக்கே அனுப்பட்டும், ரசீது அவரவர் பெயருக்கு வரும். வரிச்சலுகை பற்றிக் கேட்பவர்களுக்கு: 80ஜி என்பது பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத்தான், ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கிடையாது, அரிசி, கம்பளி போன்ற பொருளுக்குக் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. டி-ஷர்ட், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் தனிக் கணக்கு. தானமாக வந்ததில் ஒரு இட்லிகூட வாங்கக் கூடாது. டி-ஷர்ட்டுக்குச் செலவான தொகை தானத்தைவிட அதிகம் என்றால், டி-ஷர்ட்டை விடுங்க.

ஏதாவது ஆகிவிட்டால்

33. ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் ரத்த வகையும் வீட்டு போன் எண்ணும் ஒட்டியிருக்கட்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருப்பது உங்க எலும்புக்கு உதவாது. வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்க, இப்போதே.

34. விழுந்தவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீங்க, கழுத்தில் அடி இருக்கலாம். மூச்சுக்குத் தடை என்றால் மட்டும், ரெண்டு பேர் சேர்ந்து, கழுத்து ஆடாமல். உட்கார வைத்து சோடா கொடுக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் சேர்த்து. ஆகவே பணம் புரட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீங்க. உதவியவரை போலீஸ் வற்புறுத்தி அலைக்கழிக்கவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

திரும்பும்போது

35. விபத்து அதிகம் நடப்பது போகும்போது அல்ல என்பது என் கணிப்பு. ஞாயிறு மாலை, "நாளைக்கு ஆபீஸ்" என்ற நினைப்பில் எல்லோருக்கும் கை முறுக்கும். திங்கள்கிழமை அரை நாள் லீவு போட முடியாதவர், ஞாயிறு காலையிலேயே மலை இறங்கிவிடட்டும், தனியாக அல்ல, அதே அவசரத்தில் இருக்கிற இன்னொருவரோடு. ஒவ்வொருவரும் வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வார்த்தை போடணும். கடைசி ஆள் போடும்வரை ஸ்வீப் தூங்கக் கூடாது.

36. ஒரு வாரத்துக்குள் கணக்கைக் குழுவில் போடுங்க. பில் படத்தோடு. மீந்தது எவ்வளவு, அதை என்ன செய்தீங்க என்பதும் சேர்த்து. ரெண்டு மாதம் கழித்து அந்த இல்லத்துக்கு ஒரு போன் போட்டு, கொடுத்தது பயன்பட்டதா, இல்லை மூலையில் கிடக்கிறதா என்று கேளுங்க. சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்க. அடுத்த வருஷப் பட்டியல் அந்த போனிலிருந்துதான் வரும்.

37. ஊட்டி வர்க்கி. புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், வாங்காமல் வர மாட்டீங்க. கிளம்பும் அன்று காலையில் வாங்குங்க, டப்பாவில் போட்டு, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைங்க. முதல் நாளே வாங்கி, அதன் மேலே டூல் கிட்டையும் ஈர ஜாக்கெட்டையும் திணித்து, வீட்டுக்கு வந்து தூளை நீட்டாதீங்க. எனக்கு எடுத்து வைத்த பொட்டலமும் அதில்தான் இருக்கும்.